மகளுக்கு நான் ஒட்டிய வால்

மொழிபெயர்ப்புத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான்கு மாதம் இழுத்தடித்தேன். சோம்பல் இல்லை. எழுத உட்காரும்போதெல்லாம் ஒரே கதைதான் முன்னுக்கு வந்து நிற்கிறது, அதுவோ எனக்குப் பெருமை சேர்க்கிற கதை அல்ல. வேறு எதையாவது எழுதி உங்களைச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. ஆகவே அதையே எழுதுகிறேன். வாசித்துவிட்டு என்னை மதிக்காமல் விட்டாலும் பரவாயில்லை. நான் செய்ததை நீங்கள் செய்யாமல் விட்டால் போதும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் முப்பது வருடத்துக்கு மேல் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். தமிழ், ஆங்கிலம், இத்தாலியம். பிறந்தது கொட்டாஞ்சேனை. பாதிரியாராகப் போகிறேன் என்று குருமடத்துக்குப் போய் ஐந்து வருடம் இலத்தீன் படித்துவிட்டு, இது நமக்குச் சரிவராது என்று வெளியே வந்தவன். பூசை வைக்கக் கொடுத்துவைக்கவில்லை, இலத்தீன் மட்டும் மிஞ்சியது. அதை வைத்து இத்தாலியம் பிடித்தேன். அந்த நாளில் கொழும்பில் இத்தாலியத்துக்கு முத்திரை குத்தக்கூடிய தமிழர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். பத்திரத்தை எடுக்க வருகிறவர், அவர் யாராக இருந்தாலும், என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து மொழிபெயர்ப்பை ஒருமுறை பார்க்கவேண்டும். பெயர் சரி, திகதி சரி என்று வாயால் சொல்லவேண்டும். சொல்லிவிட்டு அலுவலகப் பிரதியில் கையெழுத்து வைக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் முத்திரை. ஒரு மணப்பெண்ணின் பிறந்த வருடத்தை நாங்கள் பிழையாக அடித்து, அந்தப் பிள்ளை புருஷனைப் பிரிந்து வருடக்கணக்கில் இங்கே தவித்த பிறகு நானே கொண்டுவந்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எடுக்க வருகிறவருக்கு இத்தாலியம் தெரியாது என்ற நினைப்பிலேயே அது நடந்து வந்தது. பெயரையும் இலக்கத்தையும் தவிர எதையும் அவர்கள் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில் நாங்கள் நடுவில் உள்ளதை எழுதிக்கொண்டிருந்தோம்.

கதைக்கு வருகிறேன். பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் இருக்கும். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் வாடகைக்கு இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். தகப்பனுக்குப் பலெர்மோவில் வேலை. இங்கே தாய் புவனா, மகள் தர்சிகா, ஐந்து வயது மகன் அபிஷன். தகப்பனுக்கு அங்கே ஒருவாறு வதிவிட அனுமதி சரிவந்து, குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்ள விண்ணப்பம் போட்டிருந்தார். தர்சிகாவுக்குப் பதினேழரை வயது. பதினெட்டு முடிவதற்குள் அவளுடைய பத்திரங்கள் உள்ளே போகவேண்டும். பிந்தினால் தாயும் தம்பியும் போகலாம், அவள் போகமுடியாது. இதுதான் நிலைமை.

அவர்கள் கொண்டுவந்த பத்திரக் கோவையைப் பிரித்தால், தர்சிகாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தாயின் பெயர் புவனா இல்லை. புவனாவின் அக்கா பெயர். அந்த அக்காவின் மரண அத்தாட்சிப் பத்திரமும் உள்ளே இருந்தது. பிள்ளைக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது போய்விட்டார். எங்கள் ஆட்களிடையே இது புதுமை இல்லை. அக்கா செத்த வீட்டில் கைக்குழந்தையைப் பார்க்க வந்த தங்கையையே அத்தானுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள். பிள்ளை அவரையே அம்மா என்று கூப்பிட்டு வளரும். அந்த வீட்டில் அது மறைத்த விடயமும் இல்லை, பேசிய விடயமும் இல்லை. செத்த தாயின் படம் சுவரில் தொங்கியது, உயிரோடு இருந்த தாய் சோறு போட்டார்.

புவனா ஒரு சத்தியக் கடதாசி கொடுத்திருந்தார். தமிழில், சமாதான நீதவான் முன்னிலையில் கையெழுத்து வைத்தது. அதில் ஒரு வரி: “மேற்படி தர்சிகா எனது மகள். அவளுடைய ஒன்றரை வயதிலிருந்து நானே அவளை வளர்த்து வருகின்றேன்.”

மறுநாள் காலையில் அவர்கள் கோவையை இத்தாலியத் தூதரகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். மகள் என்று உள்ளபடி எழுதினால், அங்கே மேசையில் இருப்பவர் பிறப்புப் பத்திரத்தில் வேறு பெயரைப் பார்த்துவிட்டு, பொய்ச் சத்தியம் என்று எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடுவார் என்று பயந்தேன். பயம் நியாயமானதுதான். ஆனால் வழி இருந்தது. புவனாவைக் கூப்பிட்டு நிலைமையைச் சொல்லியிருக்கலாம். மகள் என்றே எழுதி, கீழே மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று ஒரு வரி போட்டிருக்கலாம். கணவரின் மகள் என்று யாருக்கும் நோகாமல் சொல்லவும் அந்த மொழியில் இடம் இருக்கிறது. நான் ஒருவரையும் கேட்கவில்லை. ‘ஃபில்யாஸ்த்ரா’ என்று அடித்தேன். மூத்ததாரத்துப் பிள்ளை என்போமே, அது. ஒற்றைச் சொல்லில் காரியத்தை முடித்துவிட்டேன் என்று எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

பின்னேரம் பத்திரத்தை எடுக்கப் புவனா வரவில்லை. சின்னவனுக்குக் காய்ச்சல். தர்சிகாதான் வந்தாள், தனியார் வகுப்புக்குப் போகிற பையோடு. வழக்கப்படி முன்னால் உட்காரவைத்துத் தாள்களைக் கொடுத்தேன். பெயரை மட்டும் பார்ப்பாள் என்று நினைத்தால், விரலை வைத்து வரிவரியாக வாசிக்கிறாள்!

“இத்தாலியம் தெரியுமோ பிள்ளை?”

“அஞ்சு மாசமா நுகேகொடைக்கு கிளாசுக்குப் போறன் சேர். அங்க போய் பள்ளிக்கூடத்தில முழிக்கக்கூடாதெண்டு அப்பா சொன்னவர்.”

சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. அப்பாவின் பெயர், ஊர், திகதி எல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தாள். பிறகு விரல் நின்றது.

“சேர், ஃபீல்யா எண்டால் மகள். அது படிச்சனாங்கள். இதில பின்னால ஒரு வால் இருக்கே, அது என்ன?”

இத்தனை வருடத்தில் என்னிடம் அப்படி ஒரு கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. குருமடத்தில் படித்ததெல்லாம் நெஞ்சுக்குள் எழுந்து உட்கார்ந்தது. ஒரு பிள்ளைக்கு முன்னால் இருக்கிறேன், அது அவளைப் பற்றிய சொல், இதெல்லாம் எனக்கு நினைவில்லை. தொடங்கிவிட்டேன்.

இலத்தீனில் ‘ஆஸ்தெர்’ என்று ஒரு விகுதி இருந்தது பிள்ளை, என்றேன். பார்க்க ஒன்றைப் போலவே இருக்கும், ஆனால் அது அதுவல்ல என்று காட்ட அதைச் சொல்லின் பின்னால் ஒட்டுவார்கள். ஒலிவ மரத்துக்குப் பின்னால் ஒட்டினால் காட்டு ஒலிவம். அதுதான் இத்தாலியத்தில் ஆஸ்த்ரோ, ஆஸ்த்ரா என்று வந்தது. வைத்தியர் ‘மெதிகோ’, ‘மெதிகாஸ்த்ரோ’ என்றால் போலி வைத்தியர். கவிஞனுக்கு ஒட்டினால் கவிதை எழுதத் தெரியாமல் எழுதுகிறவன். ஸ்பானியத்தில் தாய்க்கு ஒட்டினால் மாற்றாந்தாய். பிரெஞ்சில் அதே வால் தேய்ந்துபோய், பிள்ளையை வதைக்கிற தாய் என்றே ஆகிவிட்டது. கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன், சிரிப்பும் வேறு.

தெரிந்த இன்னொன்றையும் சொல்லியிருக்கலாம். பழைய உரோமர்களின் கல்லறைக் கற்களில் இதே சொல் இருக்கிறது. வளர்த்தவருக்குப் பிள்ளை வைத்த கல், பிள்ளைக்கு வளர்த்தவர் வைத்த கல். அங்கே அந்த வாலில் ஏளனம் கிடையாது, பாசம்தான் இருக்கிறது. அது எனக்கு அன்றும் தெரியும். ஆனால் போலி வைத்தியரும் உதவாத கவிஞனும் சொல்லச் சுவையாக இருந்தார்கள்.

தர்சிகா சிரிக்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மெதுவாகக் கேட்டாள்.

“இது அம்மா சொன்னதோ சேர்? அம்மாவோ இப்பிடி எழுதித் தந்தவா?”

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். தமிழ் மூலம் எனக்குப் பின்னால் இருந்த அலுமாரியில், கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. அம்மா மகள் என்றுதான் எழுதினவா, நான்தான் மாற்றினேன் என்று சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் ‘மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பு’ என்று கீழே நான் கையெழுத்து வைத்திருந்தேன். மாற்றினேன் என்று இந்தப் பிள்ளை வெளியே போய்ச் சொன்னால் என் பதிவு என்ன ஆகும் என்ற எண்ணம்தான் முந்திக்கொண்டது. வாய் தானாகவே சொன்னது.

“கடதாசியில இருக்கிறதைத்தான் நாங்கள் எழுதுறம் பிள்ளை. சொந்தமா ஒண்டும் சேக்கிறேல்லை.”

அவள் தலையை ஆட்டினாள். “பெயர் சரி, சேர். திகதியும் சரி,” என்றாள். கையெழுத்து வைத்தாள். நான் முத்திரை குத்தினேன்.

அவள் படியிறங்கிப் போனதும், தட்டச்சு வேலை பார்த்த நஸீமா நாற்காலியைத் திருப்பினார். வெள்ளவத்தையிலேயே பிறந்து வளர்ந்த மனுஷி, மனதில் பட்டதை ஒளிக்கத் தெரியாது.

“சேர், அந்தப் புள்ளட மொகத்தப் பாத்தீங்களா? என்னத்துக்கு அப்பிடிச் சென்னீங்க? உம்மாக்காரி மகள்னுதானே எழுதித் தந்த?”

“உமக்குச் சட்டம் தெரியாது நஸீமா. வேலையைப் பாரும்,” என்றேன். மின்விசிறிச் சத்தத்தில் அவர் மேலே ஏதோ சொன்னது எனக்குக் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

மறுநாள் கோவை உள்ளே போகவில்லை. மூன்றாம் நாள் புவனா வந்தார், சின்னவனைக் கையில் பிடித்துக்கொண்டு. அழுது வீங்கிய கண். தர்சிகாவின் பத்திரங்களை விலக்கிவிட்டு, தனக்கும் மகனுக்கும் மட்டும் பத்திரப் பட்டியலைத் திருத்தித் தரவேண்டும் என்றார்.

“வரமாட்டன் எண்டு நிக்கிறாள் சேர். ஏ எல் சோதினை எடுக்கோணுமாம். கொட்டாஞ்சேனையில மாமி வீட்டில நிண்டு படிக்கிறாளாம். பதினெட்டு முடிஞ்சால் பிறகு எடுக்கேலாதெண்டு அவர் ஃபோனில கத்துறார். ஒண்டுக்கும் அசையிறாள் இல்லை.”

நான் தாள்களைப் புரட்டினேன். வேறு எங்கே பார்ப்பது?

“ஒண்டரை வயசில என்ர மடிக்கு வந்தவள் சேர். இண்டைக்கு வரைக்கும் நான் தலை இழுத்துவிடாமல் பள்ளிக்கூடம் போனதில்லை. இப்ப மூண்டு நாளா, நானே இழுக்கிறன் எண்டு சீப்பை வாங்கிறாள். நான் ஏதும் பிழை விட்டனானோ? இஞ்ச வந்த அண்டைக்கு உங்களிட்ட ஏதும் சொன்னவளோ?”

அலுவலகத்தில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. நஸீமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சேர், உண்மையச் செல்லுங்க,” என்றார், கெஞ்சுகிற குரலில்.

இது கடவுள் தந்த இரண்டாவது சந்தர்ப்பம். முதல் தடவை யோசிக்க நேரம் இல்லை என்று சாட்டுச் சொல்லலாம், இந்தத் தடவை மூன்று நாள் இருந்தது. ஆனால் சொன்னால் இரண்டு குற்றம். மாற்றி எழுதியது ஒன்று, பிள்ளையிடம் பொய் சொன்னது இன்னொன்று. முதலாவதை மூட இரண்டாவதைச் செய்தவன், இரண்டாவதை மூட மூன்றாவதையும் செய்தேன்.

“ஒண்டும் சொல்லேல்லை. இந்தக் காலத்துப் பிள்ளையள் படிப்பெண்டால் அப்பிடித்தான். கொஞ்ச நாளில சரிவரும்,” என்றேன்.

புவனா கும்பிட்டுவிட்டுப் போனார். என்னைக் கும்பிட்டார், பாருங்கள்! திருத்திய பட்டியலை நஸீமா அடித்துத் தந்தார். அந்த வாரம் முழுக்க அவர் என்னோடு கதைக்கவில்லை.

தாயும் மகனும் பலெர்மோ போனார்கள். தர்சிகா கொட்டாஞ்சேனைக்குப் போனாள். தை மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. அந்தத் திகதி எனக்கு மனப்பாடம், நானே மொழிபெயர்த்த பத்திரத்தில் இருந்ததல்லவா. அதற்குப் பிறகு நான் எத்தனையோ கோவைகள் செய்தேன், ஒழுங்காகவே செய்தேன். வால் உள்ள அந்தச் சொல் வரவேண்டிய இடத்தில் எல்லாம் குறிப்புப் போட்டேன், ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். மிகவும் கவனமான மனிதர் என்று பெயரும் வாங்கினேன். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் நீங்களும் என்னிடம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள்.

போன வருடம், நான் அலுவலகத்தை மூடுவதற்குச் சில மாதம் முன்பு, ஒரு பெண் படியேறி வந்தாள். கையில் தனியார் மருத்துவமனை ஒன்றின் ஆய்வுகூட அங்கி மடித்தபடி. முகம் பார்த்ததும் தர்சிகா என்று எனக்கு விளங்கிவிட்டது. நஸீமாவுக்கும்.

“என்னை ஞாபகம் இராது சேர். அம்மா பலெர்மோவில செத்துப்போனா. புற்றுநோய். நான் விசா எடுக்க முந்தியே முடிஞ்சுது.” ஃபோனை என் பக்கம் நீட்டினாள். “அங்க செத்தவீட்டுக்குச் சுவரில நோட்டீஸ் ஒட்டுவினமாம். தம்பி எழுதினது. அவனுக்குத் தமிழ் எழுத வராது. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இதைத் தமிழில போடோணும். நான் படிச்ச இத்தாலியம் எல்லாம் மறந்துபோச்சு. திரும்பத் தொடவே இல்லை.”

கறுப்புக் கரை போட்ட சுவரொட்டி. புவனாவின் பெயர், வயது. அதன் கீழே, துயரத்துடன் அறிவிப்பவர்கள்: கணவர், பிள்ளைகள் தர்சிகா, அபிஷன்.

நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். அவள் நிறுத்தினாள்.

“பிள்ளையள் எண்டோ போட்டிருக்கு? ரெண்டு பேருக்கும் ஒரே சொல்லோ?”

“ஓம். ஒரே சொல்தான்.”

“அந்த வால்?”

“இல்லை.”

ஃபோனைத் திரும்ப வாங்கினாள். “அவனுக்கு அந்தச் சொல் தெரியாதாக்கும்,” என்றாள்.

அங்கேயே படித்து வளர்ந்த பையனுக்குத் தெரியாமல் இருக்காது. நான் எழுந்து அலுமாரியைத் திறந்தேன். அந்தக் கோவை எந்தத் தட்டில் இருக்கிறது என்று தேடத் தேவையே இருக்கவில்லை. புவனாவின் சத்தியக் கடதாசியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா எழுதியது இது. அதை மாற்றியது நான். நீ கேட்டபோது பொய் சொன்னது நான். அம்மா வந்து அழுதபோது சும்மா இருந்ததும் நான்.

அவள் அந்த வரியை வாசித்தாள். மேற்படி தர்சிகா எனது மகள். உதடு மட்டும் அசைந்தது. திரும்பவும் வாசித்தாள்.

கத்துவாள், கோவையை முகத்தில் எறிவாள் என்று எதிர்பார்த்தேன். எறிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“அம்மா அங்கயிருந்து ரெண்டு தரம் வந்து நிண்டவா சேர்,” என்றாள். குரலில் கோபமே இல்லை. “எயார்போட்டில போய்க் கூட்டிக்கொண்டு வந்தனான். மரியாதையாத்தான் நடந்தனான். ஒரு குறையும் வைக்கேல்லை. ரெண்டாந்தரம் வெளிக்கிடுற அண்டைக்கு, கிட்ட வந்து, தலை இழுத்துவிடட்டோ பிள்ளை எண்டு கேட்டவா. வேண்டாம், நேரமாச்சு எண்டனான்.”

நஸீமா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டேனா என்று இப்போது யோசித்தால், கேட்டதாக ஞாபகம் இல்லை. கேட்டிருந்தாலும் அதை வைத்து அவள் என்ன செய்வாள்?

சுவரொட்டியின் தமிழை நானே அடித்தேன். ஆறு வரி. அச்செடுத்துக் கொடுத்தபோது, பழக்கதோஷத்தில் அலுவலகப் பிரதியையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்திவிட்டேன். நகர்த்திய பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. திரும்ப எடுக்கப் போனேன். அவள் பேனாவை எடுத்துக்கொண்டாள்.

விரலை வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, அன்று போலவே வாசித்தாள். பிள்ளைகள் என்ற இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது.

“பெயர் சரி, சேர்,” என்றாள். “திகதியும் சரி.”

கையெழுத்து வைத்தாள். தாயின் சத்தியக் கடதாசியைக் காட்டி, “இதை நான் கொண்டு போகட்டோ?” என்று கேட்டாள். அலுவலகக் கோவையிலிருந்து எதையும் வெளியே கொடுப்பதில்லை என்பது எங்கள் இன்னொரு வழக்கம். ஓம் என்றேன். அவள் அதை மடிக்காமல், அங்கிக்குள் வைத்து, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.